தறியில் என்ன கலர்

ஆதார் கார்டு தேடி அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறிய பரிமளாவுக்குப் பதினோரு கடிதங்கள் கிடைத்தன. எழுபத்தொன்றாம் வருட யுத்தத்தின்போது அப்பா எழுதியவை. அவர் திரும்பவில்லை. அவர் செத்து நான்கு மாதம் கழித்துத்தான் பரிமளா பிறந்தாள்; பெயர் வைத்ததும் அதற்குப் பிறகுதான்.

பட்டாளத்துக்குப் போயும் மனுஷனுக்கு நினைப்பெல்லாம் தறிமேல்தான். "என் தங்கமே கமலம்" என்று வெட்கமில்லாமல் கொஞ்சிவிட்டு, ஒவ்வொரு கடிதத்தையும் ஒரே கேள்வியில் முடித்திருந்தார்: "தறியில இப்ப என்ன கலர் ஓடுது?"

கடைசிக் கடிதம் மட்டும் ஒட்டியபடியே இருந்தது.

"அவர் செத்துட்டாருன்னு தந்தி வந்ததுக்கு அப்புறம் வந்துச்சு. பிரிக்க மனசு வரல. நீயே படி" என்றாள் அம்மா, கட்டிலில் இருந்தபடி.

பரிமளா பிரித்தாள்.

"மயில்கழுத்து உடம்பு, குங்குமக் கரை. இடது கரையில ஒரு இழை விட்டுப்போச்சு. பரிமளாவை அதைப் பிரிச்சு நெய்யச் சொல்லு."

அந்தக் கலர் வேண்டுமென்று பெங்களூர்க்காரி ஒருத்தி போனில் படம் அனுப்பியது போன மாதம்தான். பரிமளா எழுந்துபோய்த் தறியில் இருந்த புடவையின் கரையை விரலால் தடவினாள். காலையில் நெய்த இடத்தில் ஒரு இழை இல்லை.

"என்னடி, வழக்கம்போல என்ன கலருன்னு கேட்டுகினு இருக்காரா?"

"இல்லம்மா. இந்தவாட்டி கேக்கல."