ஹால்க்ரோ வீட்டு நூல்

தீவு நகரமான லெர்விக்கின் ஊர் மண்டபத்தில் கம்பளித் திருவிழா. நிற்க இடமில்லாத கூட்டம். ஆனால் ஓஸ்லா ஹால்க்ரோ யார் மேலும் இடிபடவில்லை. எழுபத்திரண்டு வயதிலும் வளையாத முதுகோடு அவள் வருவதைப் பார்த்து, எதிரே வந்தவர்கள்தான் ஒதுங்கினார்கள்.

பின்னாலேயே கான்ஸ்டபிள் ராஸ்மி வந்தான். தங்கை மகன்.

மூன்று நாட்களுக்கு முன் ஹால்க்ரோ வீட்டுக் கொட்டகைப் பூட்டை உடைத்து, போட்டிக்காகச் சுற்றி முறுக்கி வைத்திருந்த ஆறு சிட்டம் பழுப்புக் கம்பளி நூலை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஓஸ்லாவின் கணவர்தான் பதறிப்போய் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

சொந்த ஆட்டு ரோமம், சொந்தக் கையால் நூற்ற நூல். கைநூல் பிரிவின் கோப்பை பதினோரு வருடங்களாக வேறு வாசல் மிதித்ததில்லை. 'எவ்வளவு சீரான இழை!' என்று நடுவர்கள் வருடம் தவறாமல் வியப்பார்கள். இந்த வருட நூலை ஒப்படைக்க மாலை நாலு மணி கெடு. இப்போது மணி மூன்று.

"பெரியம்மா, இங்க ஆயிரம் சிட்டம் தொங்குது. உங்களோடதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"ஸ்கூல் விட்டதும் உன் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிக்கிறே? வாடா பேசாம."

கடை கடையாக ஏறினாள். ஒவ்வொரு சிட்டத்தையும் விரல் நுனியால் தடவி, உதட்டைப் பிதுக்கி, திரும்ப வைத்தாள்.

வருடாவருடம் இரண்டாம் பரிசு வாங்கும் ரூபி எதிரே வந்தாள். "என்ன ஓஸ்லா, அதிசயமா கடைப் பக்கம்? நூல் வாங்கவா?"

"எங்க வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாது."

கடைசி வரிசையில், ஸ்காட்லாந்தின் பெருநிலப் பகுதியிலிருந்து கப்பலில் வந்திருந்த ஓர் இளம்பெண்ணின் கடை. பழுப்புச் சிட்டங்கள் இருந்த கூடைக்குள் கையை விட்டதுமே ஓஸ்லா நின்றுவிட்டாள்.

"ராஸ்மி! இதுதான்!"

"நல்லாப் பாருங்க பெரியம்மா."

"என்னத்தைப் பார்க்கிறது? இந்த நிறம், இந்த முறுக்கு, இந்த மெதுமெதுப்பு. கண்ணைக் கட்டிட்டுக் கொடுத்தாலும் சொல்லுவேன். எங்க வீட்டு நூல்டா இது! பிடி இவளை!"

கூட்டம் கூடிவிட்டது. இளம்பெண் வெளிறிப்போனாள். ஒரு சிட்டத்தின் முறுக்கைப் பிரித்து, உள்ளே செருகியிருந்த லேபிளை எடுத்து ராஸ்மியிடம் நீட்டினாள். ஏதோ ஒரு மில்லின் பெயர். அடுத்ததைப் பிரித்தாள். அதிலும் அதே லேபிள்.

"செவ்வாய்க்கிழமை மில்லுல இருந்து நேரா வந்துச்சு சார். பில் இருக்கு."

ராஸ்மி தலையைச் சொறிந்தான். "பெரியம்மா, இது மெஷின்ல நூத்தது. உங்களோடது கையால நூத்ததாச்சே?"

ஓஸ்லா லேபிளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடக் கடவுளே!" என்று ரூபி உரக்கச் சிரித்தாள். "ஹால்க்ரோ கைக்கு மெஷின் நூல் எது, கை நூல் எதுன்னுகூடத் தெரியலையே!"

"இங்க வெளிச்சம் சரியில்லை" என்றாள் ஓஸ்லா. மன்னிப்பு என்ற சொல் அந்த வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை.

அவளை வெளியே அழைத்துப்போன ராஸ்மிக்குப் பாவமாக இருந்தது. வயதாகிவிட்டது, வேறென்ன. "விடுங்க பெரியம்மா. திருடனை நான் பிடிக்காம விடமாட்டேன்."

"வேண்டாம். கேஸை மூடிடு. ஹால்க்ரோ பேரு ஸ்டேஷன் நோட்டுல ஏறக் கூடாது. நீ போய் ஆட்டுக்கறி சூப் குடி."

அவன் தலை மறைந்ததும், தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மண்டபத்தைச் சுற்றிப் பக்கவாசல் வழியாக அதே கடைக்கு வந்தாள். மணி மூன்றரை.

இளம்பெண் இரண்டடி பின்வாங்கினாள். "இன்னும் என்னம்மா?"

ஓஸ்லா முதுகை நிமிர்த்தினாள். குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆறு சிட்டம் கட்டிக் கொடு. லேபிளை எல்லாம் பிச்சுடு. எனக்கு மில்லுல எப்பவும் பிச்சுதான் அனுப்புவாங்க."