பதக்கத்தின் பின்புறம்

பட்டறையில் அப்போது இருந்தவர்கள் நான்கு பேர்: முதலாளி இரத்தினசபாபதி, அவர் மகள் தமயந்தி, அவளுக்கு மாமியாராக வரவிருந்த ஆனந்தவல்லி, மெழுகு அச்சு வார்க்கும் ஜெபராஜ். மெழுகு உருவுக்கு மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பூச்சு பூசி, தங்கக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், அதன்மேல் தங்கம் தோலாகப் படியும். பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றிவிடுவார்கள். மெழுகில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் தங்கம் காட்டிக்கொடுத்துவிடும். மெழுகு நீங்கிய தமயந்தியின் கல்யாணப் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்த சபாபதி, சட்டென்று அதை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். பின்புறத்தில் இரண்டு கட்டைவிரல் ரேகைகள், பக்கம்பக்கமாக, வேண்டுமென்றே அழுத்திப் பதித்தவை. சிறியதன் குறுக்கே ஒரு தழும்பு. மகளுக்கு அந்த வெட்டு விழுந்தபோது அவர்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பெரியது யாருடையது என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஜெபராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

“என்ன அண்ணாச்சி, பொத்தியே வச்சிருக்கீங்க? நான் என்ன தூக்கிட்டா ஓடப்போறேன்?” என்றாள் ஆனந்தவல்லி.

“பாலிஷ் பாக்கியிருக்கு, மதினி.”

அவர் மெருகுச் சக்கரத்தை ஓடவிட்டு, பதக்கத்தின் பின்புறத்தை அதன் அருகே கொண்டுபோனார்.

“தகடு ரொம்ப மெல்லிசுப்பா,” என்றாள் தமயந்தி. “அது போறதுக்குள்ள ஓட்டை விழுந்திரும்.”

“எது போறதுக்குள்ள?” ஆனந்தவல்லி எழுந்து வந்தாள்.

பதக்கத்தில் ஓட்டை விழுந்ததால்தான் அந்தச் சம்பந்தம் முறிந்தது என்று நகைக்கடைத் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். அது பொய். சக்கரம் பதக்கத்தைத் தொடவே இல்லை. சபாபதி அதை நிறுத்திவிட்டு, பின்புறம் மேலே தெரியும்படி, பதக்கத்தை ஆனந்தவல்லியின் கையில் வைத்தார்.