இருபத்தெட்டாவது கிலோமீட்டர்

ஓடுகிறவர்களின் ஒவ்வொரு காலடியையும் ஷூவே பதிந்து இணையத்தில் ஊருக்கெல்லாம் காட்டிவிடும் காலம் அது. எஸ்தர் மாரத்தானில் மூன்றாவதாக வந்த மறுநாளே, இணையத்தில் துப்புத் துலக்கும் சேலத்து ஆசிரியை வைதேகி எழுதினார்: "இருபத்தெட்டாவது கிலோமீட்டருக்குப் பிறகு ஓட்டம் மாறுகிறது. ஷூவை வேறு யாரோ மாட்டியிருக்கிறார்கள்." போட்டி நடத்தியவர்கள் பதக்கத்தைத் திரும்பக் கேட்டார்கள்.

எஸ்தர் அழவில்லை. அடுத்த ஞாயிறு தூத்துக்குடி கடற்கரைச் சாலையில், தலைக்கு மேல் கேமரா பறக்க, தனியாக மறுபடி ஓடினாள். லட்சம் பேர் பார்த்தார்கள். இருபத்தெட்டைத் தாண்டியதும், போட்டியன்று ஷூ காட்டியதுபோலவே இடது கால் இழுத்தது.

காதில் மாட்டியிருந்த போனில் வைதேகி வந்தார். "மன்னிச்சிரும்மா, அன்னிக்கும் நீதான் ஓடியிருக்கே. ஆனா இந்த இழுப்பை என் வீட்டுக்காரர்கிட்ட பாத்திருக்கேன். நரம்பு வியாதியில போய் முடிஞ்சுது. நிறுத்திட்டு டாக்டரைப் பாரு."

"நாளைக்கே பாக்கேன் டீச்சர்," என்றாள் எஸ்தர். "மிச்சம் பதினாலையும் ஓடி முடிச்சிருதேன்."