எலுமிச்சம்பழம் உருளும் பக்கம்

நாட்டின் உச்ச நீதிமன்றத்துத் தரை, நீரில் மிதக்கும் தெப்பம்போல, யார் வந்து அமர்கிறாரோ அவருக்கேற்பச் சாயும். இளகிய மனமுள்ள நீதிபதி என்றால் மனுதாரர் பக்கம். ஆளுங்கட்சிக்கு வேண்டியவர் என்றால் அரசுத் தரப்பின் பக்கம். அதனால் வழக்கறிஞர்கள் வாதத்துக்கு முன் மேசைமேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்ப்பார்கள். பழம் எதிர்ப்பக்கம் உருண்டால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

அன்று லூர்தம்மாளின் மகனுடைய தூக்குத் தண்டனை வழக்கு. நீதிபதிகளில் நடுவில் இருந்தவர் புதியவர். வழக்கறிஞர் தணிகாசலம் வைத்த பழம் சற்று நேரம் அசையவில்லை. புதியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். பழம் மெல்ல அரசுத் தரப்பை நோக்கி உருளத் தொடங்கியது.

“அவ்வளவுதானாங்க சார்?” என்று கேட்டாள் லூர்தம்மாள்.

“இவர் வந்து உக்காந்த பிறகு நாம என்னம்மா பண்ண முடியும்?” தணிகாசலம் கோப்பை மூடினார்.

அவள் எழுந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பழம் உருளும் பக்கத்துக்கு நேரெதிரே, அந்தப் பெரிய கூடத்தின் கடைக்கோடிக்கு நடந்துபோய், தன் உடம்பின் கனத்தையெல்லாம் தரையில் ஊன்றி நின்றாள்.