பக்கத்து வீட்டு வள்ளிநாயகி

விடியுமுன் எழுந்து மங்கம்மா தன் வாசலைக் கூட்டிக் கோலம் போட்டாள். அப்புறம் பக்கத்து வீட்டு வாசலையும் கூட்டி அங்கேயும் ஒரு கோலம் போட்டாள்.

பக்கத்து வீட்டில் ஆள் கிடையாது.

வரிசை வீடுகளாக இருந்த அந்தத் தோட்ட லயத்தில் அவளுக்குத் துணையாகக் கடைசிவரை மிஞ்சியிருந்தது வள்ளிநாயகி குடும்பம்தான். பொங்கல் கழித்து அவர்களும் சட்டி பானையை லாரியில் ஏற்றிக்கொண்டு சிரம்பான் டவுனுக்குப் போய்விட்டார்கள். ரப்பர் மரங்களை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டாயிற்று. லிங்கித் தோட்டத்தில் இனி நம் ஆட்களுக்கு என்ன வேலை?

மகனிடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் போச்சு, காரியமே கெட்டுவிடும்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா? தன் பழைய கைலி ஒன்றை நனைத்துப் பிழிந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காயப் போட்டாள். ஒரு ஜோடிச் செருப்பைப் படியோரம் கழற்றிவிட்ட மாதிரி வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். குடும்பம் இருக்கிற வீடு மாதிரித்தான் இருந்தது. திருட்டுச் சிறுக்கி என்று தன்னையே வைதுகொண்டாள்.

உள்ளே மகன் நல்லசாமி சிமெண்டுத் தரையில் கடல் படத்தை விரித்துப் போட்டுக் குப்புறப் படுத்திருந்தான். கனடாவில் பெரிய படிப்புப் படித்து அங்கேயே ஆராய்ச்சி வேலையில் இருக்கிறவன், நேற்றுத்தான் ஊர் வந்திருந்தான். பள்ளிக்கூடப் பாடம் எழுதியதும் இப்படிக் குப்புறப் படுத்துத்தான். ஆள் வளர்ந்தானே தவிர பழக்கம் மாறவில்லை என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கப்பல் போகவேண்டிய பாதையைப் பென்சிலால் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

நேற்றுச் சாயங்காலமே எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கியிருந்தான். கடலுக்கு அடியில், மண்ணுக்குள்ளே, எரிவாயு தண்ணீரோடு சேர்ந்து உறைந்து கிடக்கிறதாம். பார்த்தால் ஐஸ்கட்டி, தீக்குச்சியை வைத்தால் எரியுமாம். கப்பலில் போய்த் தண்ணீருக்குள் காற்றைப் படீரென்று வெடிக்க விட்டு, அந்தச் சத்தம் கடல் தரைக்குக் கீழே மோதித் திரும்புவதைக் கேட்டே அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்களாம்.

ஐஸ் எரியும் என்று வெளியில் எங்கேயும் சொல்லிவைக்காதே, சம்சு குடித்துவிட்டு உளறுகிறான் என்பார்கள் என்று மங்கம்மா கேலி செய்தாள். அவனும் சிரித்தான்.

பிறகு விஷயத்துக்கு வந்தான். கப்பலுக்குப் பின்னால் மைல் நீளத்துக்குக் கேபிள் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். நடுவில் நிறுத்த முடியாது, நினைத்த பக்கம் திருப்ப முடியாது. கரையில் யாருக்கு என்ன ஆனாலும் இரண்டு மாசத்துக்கு அவனால் வர முடியாது. இந்தக் கோடையை விட்டால் அந்தக் கனடாப் பக்கத்துக் கடல் கொந்தளிக்க ஆரம்பித்துவிடும். எத்தனையோ வருசம் காத்திருந்து தலைமைப் பொறுப்பு இப்போதுதான் அவன் கைக்கு வந்திருக்கிறது. விடிந்ததும் போனில் சரி என்று சொல்லியாக வேண்டும்.

"நீ ஒத்தையில இருக்கேன்னா நான் போகலம்மா. வேற ஆளு போகட்டும்."

"ஒத்தையா? பக்கத்துல வள்ளிநாயகி இருக்கா. செம்பனை வேலைக்குப் போயிட்டு இருட்டுனாத்தான் வருவா. கூப்புட்ட குரலுக்கு ஓடி வர்றவ. நீ போ லா."

நிரை நிரையாக ரப்பர் மரம் சீவி அவனைப் படிக்க வைத்தவள் அவள். அவன் காலில் தானே விலங்காகக் கிடப்பதா?

ஆனாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே. பொழுது சாய்ந்தால் பேச ஆளில்லாமல் கோழியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அவன் எப்படியாவது கண்டுபிடித்துவிட மாட்டானா, கண்டுபிடித்து, போகவில்லை என்று உட்கார்ந்துவிட மாட்டானா என்று ஓரத்தில் ஓர் ஆசை. அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவள் குளித்துவிட்டு வந்தபோது வீட்டில் அவன் இல்லை. போன் பேசத் தோட்டத்து ஆபீசுக்குப் போயிருந்தான்.

திரும்பி வந்து, சரி என்று போனில் சொல்லிவிட்டதாகச் சொன்னான். பொய் பலித்துவிட்டது. மங்கம்மா சந்தோசப்பட்டாள், தோசையை ஒன்றுக்கு இரண்டாகச் சுட்டு வைத்தாள். அவன் தலை நிமிராமல் தின்றான். பென்சில் கோடு போட்ட படத்தைச் சுருட்டிப் பைக்குள் செருகினான்.

போர்ட்டிக்சனிலிருந்து டாக்சி வந்து நின்றது. ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கினான்.

"ஆபீசுக்குப் போறப்ப பக்கத்து வீட்டு அக்காவப் பாத்தேம்மா. வேலைக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தாங்க. ராத்திரிக்கு உன்கூட வந்து படுத்துக்கிறேன்னு சொன்னாங்க."

டாக்சிக் கதவைப் பிடித்திருந்த மங்கம்மா திரும்பிப் பக்கத்து வீட்டைப் பார்த்தாள்.

போய்ப் பார்த்திருக்கிறான். கதவைத் தள்ளியிருப்பான், வெறும் வீட்டைப் பார்த்திருப்பான். அதற்கு அப்புறம்தான் ஆபீசுக்குப் போய்ச் சரி என்று சொல்லியிருக்கிறான். அவன் ஏமாந்து போயிருந்தால்கூட அவள் மனசு ஆறியிருக்கும்.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். தேடியது கிடைக்கவில்லை, தேடுவதை நிறுத்தவும் இல்லை. பெற்ற வயிறு அவனை அப்படித் தவிக்க விடுமா?

"சொன்னா சொன்னபடி வந்துருவாய்யா அவ," என்றாள். "நீ பதறாமப் போயிட்டு வா."