பங்களா வளைவு

"என்ன நானா, இன்னைக்கும் எறங்கிட்டீங்களா?"

அழகையாவின் குரலில் சூடு இருந்தது. ரொட்டி விற்கும் பாண்காரர் ஷுக்ரி நானா, பெட்டி கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டே துரை பங்களா வளைவைத் தாண்டினார். தாண்டிய பிறகுதான் ஏறப் பார்த்தார்.

நமுனுகுலப் பக்கம் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பழைய சட்டம் இருந்தது. தோட்டத் துரைக்கு மரியாதையாக, பங்களா வளைவில் சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ள வேண்டும். கணக்கப்பிள்ளை ஐயாவின் சைக்கிள் மணி கேட்டால், நடந்து போகிறவர்கள் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். மழைத் தண்ணீர் ஓடும் கான் அது, முழங்கால் ஆழம்.

அறுபத்தெட்டில் தொழிலாளர் சங்கம் பேசி இரண்டையும் ஒழித்தது. முன்னால் நின்று பேசியவன் சங்கத் தலைவன் அழகையா. இந்த வளைவில் இறங்க மறந்ததற்காக அவனுடைய அப்பாவுக்கு ஒரு மாதம் வேலை கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அந்தப் பட்டினியை அவன் மறக்கவில்லை.

"சட்டம் போயி ஏழு மாசமாச்சு நானா. எல்லாரும் நிமிந்து உக்காந்து மிதிக்கிறாங்க. நீங்க மட்டும் யாருக்குக் குனியுறீங்க?"

"பழகிப் போச்சு தலைவர்."

"பழக்கமா, இல்ல பங்களாவுக்குப் பாண் விக்கிற ஆசையா?"

பக்கத்தில் நின்ற சங்கத்துக்காரன் வீரசிங்கம் சிரித்தான். "பட்டரும் பூசியே குடுப்பாரு போல!"

நானா பாண் பெட்டியின் மூடியைச் சரிசெய்தார்.

"மணியும் இல்ல உங்க சைக்கிள்ல. நடக்கிறவங்க மேல ஏத்தினா யாரு பதில் சொல்றது? இன்னைக்குச் சாயங்காலம் புதுச் சட்டம் எழுதுறோம். இந்த ரோட்டுல யாரும் யாருக்கும் எறங்கக் கூடாது. எல்லாச் சைக்கிளுக்கும் மணி இருக்கணும். நாளைக்கும் எறங்கினீங்கன்னா, லயத்துப் பக்கம் பாண் கொண்டு வர வேணாம்."

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் பாண் விற்றால்தான் நானா வீட்டில் உலை கொதிக்கும்.

"தொரை கொழும்புக்குப் போயிட்டாரு, தெரியுமா? ஆளில்லாத பங்களாவுக்கு எறங்குறீங்க!"

"அதுவும் தெரியும் தலைவர்."

அழகையாவுக்குப் பொறுக்கவில்லை. "எப்படிப் போறதுன்னு பாருங்க!" என்று தன் புதுச் சைக்கிளில் ஏறினான். வளைவை நோக்கி மிதித்துக்கொண்டே, பதுளையில் ஆசையாக வாங்கிய மணியைக் கிணுகிணுவென்று அடித்தான்.

"தலைவர், மணிய அடிக்காதீங்க!" நானா கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

வளைவுக்கு அந்தப் பக்கம், குறுக்குப் பாதையிலிருந்து நாலு பெண்கள் அப்போதுதான் ரோட்டில் ஏறியிருந்தார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகிறவர்கள். முதுகில் நிறைந்த கூடை, தலையில் கூடைக் கயிறு. அந்தச் சுமையோடு திரும்பிப் பார்க்க முடியாது.

மணி கேட்டதுதான் தாமதம், நாலு பேரும் கானுக்குள் பாய்ந்தார்கள். கடைசியாக வந்தவள் கூடையோடு சரிந்து, முழங்கால் அடிபட விழுந்தாள். விழுந்த இடத்திலும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒதுங்கிட்டோங்க ஐயா."

அழகையாவின் அம்மா வேலாயி.

அவன் சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்குவதற்குள், நானா வந்து கூடையைத் தாங்கிப் பிடித்துவிட்டார்.

"ஆத்தா, நான்தான்!" என்றான் அழகையா.

வேலாயி மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள்.

"நீயாடா? மணி கேட்டா காலு தானா எறங்கிருது."

"அந்தச் சட்டம்தான் போயிருச்சே ஆத்தா."

"காலுக்குத் தெரியலையே. போன மழையில வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன்ல? நானா மணியக் கேட்டுத்தான் விழுந்தேன். அன்னைக்கே மணியக் கழட்டிப் போட்டாரு. மணியில்லாம எங்க மேல ஏத்திரக் கூடாதுன்னு இந்த எடத்துல எறங்கித்தான் வாறாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நான்தான் சொல்ல வேணாம்னேன். யாருக்கும் பயப்படாதீங்கன்னு மேடையில பேசுற புள்ள. சொந்த ஆத்தாளே பயப்படுறான்னு தெரிஞ்சா மனசு விட்டுருவேல்ல?"

அழகையா நானாவைப் பார்த்தான். அவர் இவன் பக்கம் திரும்பாமல், சிந்திய கொழுந்தை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சங்கக் கூட்டத்தில் வீரசிங்கம் எழுந்து வாசித்தான்.

"இந்த ரோட்டில் சைக்கிளில் வருகிறவர்கள் யாருக்கும் இறங்கக் கூடாது..."

"அத வெட்டு," என்றான் அழகையா. கழற்றிய மணி அவன் மடியில் கிடந்தது.

"என்ன தலைவரே! மறுபடியும் தொரைக்கு எறங்கச் சொல்றீங்களா?"

"தொரைக்கு இல்ல. கூடைக்கு."