புத்தகங்கள் குடியிருந்த வீடு

“சாம்பிராணி போடாம பச்சக் குழந்தைக்குத் தலை எப்படிங்க காயும்?” கோமளவல்லியின் கத்தல் தெருக்கோடி வரை கேட்டது.

“புகை பட்டா அட்டைப்படம் மங்கிடும்டி,” என்றார் கணவர் தணிகாசலம்.

சேர்த்து வைத்த பழைய மர்ம நாவல்களுக்காக, மனிதர் தானாக இயங்கும் தன் வீட்டையே புத்தகக் காப்பகமாகப் பதிவு செய்திருந்தார். அன்று முதல் வீடு புத்தகங்களை மட்டுமே கவனித்தது. சோறு கொதித்தால், ஆவி படக் கூடாதென்று அடுப்பை அணைக்கும். தாள் நமுக்காமலிருக்க அது உலர்த்திய காற்றில் வெடித்த உதட்டுக்கு வெண்ணெய் தடவியே கோமளவல்லி அலுத்துப்போயிருந்தாள்.

இப்போது மகள் யாமினி பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். தணலில் சாம்பிராணி தூவியதும், “புகை அதிகம், அம்மா,” என்று பணிவாகச் சொல்லிவிட்டு, வீடு அறைக் காற்றை உறிஞ்சத் தொடங்கியது. குழந்தை வீறிட்டது.

“நிறுத்தச் சொல்லுங்க!”

“பதிவு பண்ணினா பண்ணினதுதான். நான் சொன்னாலும் கேக்காது.”

“அப்ப புள்ளைய எங்க வளக்கறது? கத்தியோட நிக்கறாளே உங்க அட்டைப்பட அழகி, அவ மடியிலயா?”

அன்று சாயங்காலமே யாமினி மாமியார் வீட்டுக்குக் கிளம்பினாள். கோமளவல்லியும் கூடப் போய், அதே தெருவில் தனி வீடு பார்த்துக் குடியேறிவிட்டாள். ஞாயிறுதோறும் தணிகாசலம் போகிறார். பேரனைத் தூக்குவதில்லை. சட்டையில் சாம்பிராணி மணந்தால் வீடு கதவைத் திறக்காதாம்.